ஓய்வூதியர்களுக்கென்று ஒரு கட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் அகவிலைப்படி நிலுவையைப் பற்றிய பேச்சு சூடேறும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து, "நமக்கென்று தனியாக ஒரு கட்சி இருந்தால் இந்தக் கதி வருமா?" என்று கேட்பார். வெளிநாடுகளில் அப்படிக் கட்சிகள் இருக்கின்றன என்று இன்னொருவர் சொல்வார். அதன் பிறகு எழும் சந்தேகங்கள் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

பென்ஷன்காரர்களுக்கென்று கட்சி உண்மையிலேயே எங்காவது இருக்கிறதா, அல்லது வெறும் பேச்சா?

இருக்கிறது. பல நாடுகளில் நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது, சிலவற்றில் அமைச்சரவையிலும் அமர்ந்திருக்கிறது. இஸ்ரேலில் "கில்", ஸ்லோவேனியாவில் "தேசுஸ்", நெதர்லாந்தில் "50பிளஸ்", குரோஷியாவிலும் செர்பியாவிலும் ஓய்வூதியர் கட்சிகள், இத்தாலியில் கார்லோ ஃபதுட்சோ 1987இல் தொடங்கிய ஓய்வூதியர் கட்சி, ஜெர்மனியில் த்ரூட உன்ரூ 1989இல் கட்சியாக மாற்றிய "சாம்பல் சிறுத்தைகள்" என்று பட்டியல் நீளும்.

பெரும்பாலானவை சிறிய கட்சிகள். தனித்து ஆட்சியைப் பிடித்தது எதுவும் இல்லை.

சங்கம்தான் இருக்கிறதே, கட்சி எதற்கு?

சங்கம் மனு கொடுக்கும், ஆர்ப்பாட்டம் நடத்தும், வழக்குப் போடும். முடிவெடுக்கும் மேசையில் அதற்கு நாற்காலி கிடையாது. கட்சிக்கு அந்த நாற்காலி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்காரலாம், கட்சியில் முடியாது. அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய ஓய்வுபெற்றோர் சங்கம் உலகின் மிகப் பெரிய முதியோர் அமைப்புகளில் ஒன்று. அது கட்சியாக மாறவே இல்லை. இரண்டு பெரிய கட்சிகளும் அதைக் கண்டு அஞ்சுவதற்கு அந்தப் பொதுத்தன்மையே காரணம்.

ஒரே ஒரு கோரிக்கையை வைத்துக்கொண்டு கட்சி நடத்த முடியுமா?

லக்சம்பர்க்கில் நடத்திக் காட்டினார்கள். அந்தச் சிறிய நாட்டில் அரசு ஊழியர் ஓய்வுபெற்றால் கடைசிச் சம்பளத்தில் ஆறில் ஐந்து பங்கு ஓய்வூதியமாகக் கிடைத்தது. ஆலையிலும் கடையிலும் வங்கியிலும் உழைத்தவருக்கு அதைவிடக் குறைவு. 1987இல் சிலர் கூடி, "எல்லாருக்கும் ஆறில் ஐந்து ஓய்வூதியம்" என்பதையே பெயராக வைத்து ஒரு செயற்குழுவைத் தொடங்கினார்கள். கொள்கை அறிக்கை வேறு வேண்டியிருக்கவில்லை, பெயரே அதைச் சொல்லிவிட்டது. 1989 தேர்தலில் 60 இடங்களில் 4 பிடித்தார்கள். 1994இல் 5, 1999இல் 7.

பலன் அவர்கள் கேட்ட வடிவத்தில் வரவில்லை. 1998இல் சட்டம் மாறியபோது, புதிதாக வேலையில் சேரும் அரசு ஊழியர்களைத் தனியார் துறை முறைக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது மேலே இருந்தவரைக் கீழே இறக்கிச் சமமாக்கினார்கள். பிறகு 2001இல் எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசி, 2002 முதல் தனியார் துறை ஓய்வூதியம் உயர்த்தப்பட்டது.

இந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது அந்தப் பின்னம்தான். ஆறில் ஐந்து என்றால் கிடைத்ததா இல்லையா என்பதை எந்த ஓய்வூதியரும் தன் வங்கிப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். "முதியோர் நலன் காப்போம்" என்ற முழக்கத்தை யாரும் அப்படிச் சோதித்துப் பார்க்க முடியாது.

இஸ்ரேலில் திடீரென்று ஏழு இடம் வென்றார்களாமே, அது எப்படி?

2006 மார்ச் தேர்தலில் நடந்தது அது. கருத்துக்கணிப்புகள் "கில்" கட்சியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாக்கு எண்ணியபோது 120 இடங்களில் 7. தலைவர் ரஃபி எய்த்தான், அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். 1960இல் அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனைப் பிடித்துவந்த உளவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

பின்னணியைப் பார்த்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசு சிக்கனம் என்ற பெயரில் உதவித்தொகைகளில் கை வைத்திருந்தது, அதில் முதியோர் தொகையும் அடங்கும். பிரதமர் ஏரியல் ஷரோன் ஜனவரியில் பக்கவாதத்தில் வீழ்ந்திருந்தார். பெரிய கட்சிகள் மீது மக்களுக்குச் சலிப்பு, வாக்குப்பதிவும் குறைவு. வாக்குப்பதிவு குறைந்தால் சிறிய கட்சியின் வாக்கு கனமாகிவிடும். அவருக்குப் பின் பிரதமரான எஹுத் ஓல்மர்ட் அமைத்த கூட்டணியில் சேர்ந்து, ஓய்வூதியர் விவகாரத்துக்கென்றே புதிதாக ஓர் அமைச்சகத்தையும் சுகாதார அமைச்சர் பதவியையும் வாங்கினார்கள்.

அந்தக் கட்சிக்கு இளைஞர்கள் வாக்களித்தார்கள் என்கிறார்கள். இருபது வயதுப் பையன் எதற்குப் பென்ஷன் கட்சிக்குப் போட வேண்டும்?

டெல் அவிவ் நகரத்து இளைஞர்கள் நிறையப் பேர் அந்தச் சின்னத்தில் போட்டார்கள் என்பது உண்மை. பெரும்பாலும் அது எதிர்ப்பு வாக்கு. எந்தப் பெரிய கட்சிக்கும் போட மனமில்லை, வீட்டில் இருக்கவும் மனமில்லை, தாத்தா பாட்டிக்குப் போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்ற எண்ணம். வாக்கு எந்த வயதில் வந்தாலும் வாக்குதான், அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அப்படி வந்த வாக்கு அடுத்த தேர்தலில் வேறு இடத்துக்குப் போய்விடும். 2009இல் அதே கட்சி ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நாலைந்து இடத்தை வைத்துக்கொண்டு என்ன சாதித்துவிட முடியும்?

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சபையில் நிறையச் சாதிக்கலாம். குரோஷியாவைப் பாருங்கள். அங்கே 1990களில் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டிய ஓய்வூதியத்தை அரசு உயர்த்தாமல் வைத்திருந்தது. அரசு செய்தது தவறு என்று 1998இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லை. 2003 தேர்தலில் ஓய்வூதியர் கட்சி வென்றது வெறும் 3 இடம். ஈவோ சனாதருக்கு ஆட்சி அமைக்க ஆதரவு தேவைப்பட்டது. நிலுவையைக் கொடுத்தால் ஆதரவு என்றார்கள். அதற்கென்று தனி நிதியம் வந்தது. பாதித் தொகையை விரைவாக வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கலாம், அல்லது காத்திருந்து முழுத் தொகையையும் ஆண்டுத் தவணைகளில் பெறலாம் என்று இரண்டு வழி வைத்தார்கள். எழுபத்தைந்து வயதில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். காலம் தாழ்த்திய ஒவ்வோர் ஆண்டும் அரசுக்கு இலாபம், அவருக்கு நட்டம்.

இத்தாலியில் 2006இல் வேறு மாதிரி. ரொமானோ ப்ரோதியின் கூட்டணி கீழவையில் ஏறத்தாழ 25,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அந்தக் கூட்டணியில் இருந்த ஓய்வூதியர் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் அது கொண்டுவந்த வாக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். இடமே வெல்லாத கட்சி ஆட்சியை நிர்ணயித்தது. சில மாதங்களிலேயே அது எதிரணிக்குப் போனது வேறு கதை.

எங்கள் ஊரில் இத்தனை பென்ஷன்காரர்கள் இருக்கிறோம். எண்ணிக்கை இருந்தால் போதாதா?

போதாது. தேர்தல் முறைதான் முதலில் தீர்மானிக்கிறது. நெதர்லாந்தில் நாடு முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. 150 இடங்களில் ஒன்றுக்கு உரிய வாக்கு, அதாவது 0.67 சதவீதம் வந்தாலே ஓர் இடம் உறுதி. 1994இல் அங்கே பொது முதியோர் கூட்டமைப்பு என்ற கட்சி 3.6 சதவீதம் வாங்கி 6 இடம் பிடித்தது. செக் குடியரசில் 5 சதவீதத்தைத் தாண்டாத கட்சிக்கு இடமே கிடையாது. அங்கே ஓய்வூதியர் கட்சி 1992இல் ஏறத்தாழ 3.8 சதவீதமும், 1996இலும் 1998இலும் 3 சதவீதத்துக்குச் சற்று மேலும் வாங்கியது. மூன்று முறையும் பூச்சியம்.

பிரிட்டன் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. தொகுதியில் முதலில் வருபவருக்கே வெற்றி என்ற முறையில் நடக்கும் லண்டன் நாடாளுமன்றத் தேர்தலில் ஓய்வூதியர் கட்சிக்கு வழி திறந்ததில்லை. அதே நாட்டின் ஸ்காட்லாந்து சட்டமன்றத்தில் வட்டாரப் பட்டியலுக்கும் தனி வாக்கு உண்டு. 2003இல் மூத்த குடிமக்கள் ஒற்றுமைக் கட்சியின் ஜான் ஸ்வின்பர்ன் அந்தப் பட்டியல் வழியாக உள்ளே போனார். தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்புதான் கட்சியே தொடங்கப்பட்டிருந்தது.

நெதர்லாந்தில் ஆறு இடம் பிடித்தார்கள் என்றீர்களே, அவர்கள் இப்போது எங்கே?

அந்தக் கட்சி போய்விட்டது. 1994இல் ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, முதியோர் ஓய்வூதியத்தை நான்கு ஆண்டுகள் உயர்த்தாமல் நிறுத்திவைக்கலாம் என்று தன் திட்டத்தில் எழுதியது. அந்த நாட்டில் 1957 முதல் நடப்பில் இருக்கும் ஓய்வூதியம் அது. வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அங்கே வாழும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீத உரிமை சேரும், ஐம்பது ஆண்டில் முழுமையாகும். அரசின் தயவென்று அதை அங்கே யாரும் நினைப்பதில்லை, தன் சொத்தென்றே நினைக்கிறார்கள். அதைத் தொட்டதும் முதியவர்கள் கொதித்துப்போனார்கள். ஆளுங்கட்சியின் இடங்கள் 54இலிருந்து 34 ஆகச் சரிந்தன. இந்தக் கட்சியும் இன்னொரு முதியோர் கட்சியும் சேர்ந்து 7 இடம் பெற்றன.

அடுத்த ஆண்டே உட்சண்டை, வெளியேற்றம், பிளவு. 1998இல் ஓர் இடமும் மிஞ்சவில்லை. பிறகு 2009இல் யான் நாகல் 50பிளஸ் கட்சியைத் தொடங்கினார். 2012இல் 2, 2017இல் 4, 2021இல் 1, 2023இல் ஒன்றுமில்லை, 2025இல் மறுபடியும் 2. விழுந்தும் எழுந்தும் வருகிறது.

எல்லா நாட்டிலும் உடைகிறார்களே, வயதானவர்களுக்கு ஒற்றுமை வராதா?

வயதைக் குறை சொல்வது நியாயமில்லை. அவசரமாகக் கட்டிய கட்சி எதுவும் உடையத்தான் செய்யும். வேட்பாளர் பட்டியலை நிரப்ப வெவ்வேறு கட்சிகளில் இடம் கிடைக்காதவர்கள் வருகிறார்கள். ஓய்வூதியம் பற்றிய கேள்வியில் எல்லாரும் ஒன்று, வெளிநாட்டுக் கொள்கையிலோ வரியிலோ ஆளுக்கொரு பக்கம். உள்ளூர்க் கிளைகள் இல்லாததால் சண்டையைத் தீர்த்துவைக்கவும் ஆள் இல்லை. இஸ்ரேலில் ஏழு பேரில் மூவர் 2008இல் பிரிந்தார்கள். நெதர்லாந்தில் 2021இல் வென்ற ஒரே உறுப்பினரும் சில வாரங்களில் கட்சியை விட்டுப் போனார்.

இன்னொரு காரணம் வருத்தமானது. 50பிளஸ் தலைவர் ஹெங்க் க்ரோல் 2013இல் பதவி விலக நேர்ந்தது. அவர் முன்பு நடத்திய பத்திரிகையில் ஊழியர்களுக்கான ஓய்வூதியச் சந்தா கட்டப்படவில்லை என்ற செய்தி வந்ததே காரணம். மற்றக் கட்சிக்காரர் தப்பிக்கக்கூடிய குறை இது. ஓய்வூதியத்துக்காகவே கட்சி நடத்துபவர் தப்ப முடியாது, தப்பவும் கூடாது. அடுத்த ஆண்டே அவர் திரும்பி வந்தார்.

ஸ்லோவேனியாவில் மட்டும் எப்படி இத்தனை காலம் நிலைத்தார்கள்?

தேசுஸ் 1991இல் பிறந்தது. 1996 முதல் 2018 வரை எல்லாத் தேர்தலிலும் 90 பேர் கொண்ட சபைக்குள் நுழைந்தது. இடதுசாரி ஆட்சி, வலதுசாரி ஆட்சி இரண்டிலும் பங்காளி. மேலே சொன்ன, கிளைகள் இல்லாத குறை அங்கே இல்லை. ஊருக்கு ஊர் ஓய்வூதியர் மன்றங்கள் ஏற்கெனவே வலுவாக இருந்தன, அங்கிருந்தே கட்சிக்கு ஆட்களும் வாக்குகளும் வந்தன. 2014இல் 10 சதவீத வாக்கு, 10 இடம், மூன்றாவது பெரிய கட்சி.

வீழ்ச்சி 2020இல் தொடங்கியது. பதினைந்து ஆண்டு தலைவராக இருந்த கார்ல் எர்யாவெத்ஸ் உட்கட்சித் தேர்தலில் தோற்றார், புதிய தலைவரும் சில மாதங்களில் விலகினார், எர்யாவெத்ஸ் திரும்பி வந்தார், கட்சி பிரதமர் யனெஸ் யான்ஷாவின் கூட்டணியிலிருந்து வெளியேறியது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். 2022இல் வாக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதற்கு முன்பே ஒரு தேய்மானம் இருந்தது என்பது என் கருத்து. எர்யாவெத்ஸ் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆறு ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். எல்லைத் தகராறு பற்றிப் பேசும் தலைவரை ஓய்வூதியர் எத்தனை நாள் தன் ஆள் என்று நினைப்பார்?

இவர்கள் இடதா, வலதா?

இரண்டும் உண்டு. பெரும்பாலானவை எந்த அணி ஓய்வூதியத்தை உயர்த்துகிறதோ அந்த அணி. லக்சம்பர்க் கட்சி நேராக வலது பக்கம் போய்விட்டது. 2006இல் பெயரை மாற்றி, இன்று லக்சம்பர்கிய மொழி, தேசிய அடையாளம் என்று பேசும் பழமைவாதக் கட்சியாக இருக்கிறது. ஆறில் ஐந்து பற்றி அதற்கு வாக்களிக்கும் இளைஞருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பெரிய கட்சிகளே நம் கோரிக்கையை எடுத்துக்கொண்டால் கட்சி செத்துவிடாதா?

கட்சி செத்துவிடும், கோரிக்கை பிழைக்கும். அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரிட்டனில் 2000 ஏப்ரலில் வாரத்துக்கு 75 பென்ஸ் மட்டும் ஓய்வூதியம் உயர்ந்தது. அந்த அவமானத்தை முதியவர்கள் மறக்கவில்லை, கட்சிகளும் மறக்கவில்லை. 2011 முதல் விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்துவது என்ற விதி வந்தது. அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் அதை விட்டுவிடத் துணியவில்லை. ஓய்வூதியர் கட்சி என்று ஒன்று லண்டன் நாடாளுமன்றத்துக்குள் நுழையாமலேயே கிடைத்தது இது.

பேரப்பிள்ளைகள் தலையில் கடனை ஏற்றிவிட்டு நாம் சுகமாக இருப்பதா என்று என் மகனே கேட்கிறான். என்ன சொல்வது?

மகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, தட்டிக்கழிக்காதீர்கள். ஸ்லோவேனியாவில் 2011 ஜூனில் ஓய்வு வயதை உயர்த்தும் சட்டத்துக்குப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தேசுஸ் அதற்கு முந்தைய மாதமே அரசிலிருந்து விலகியிருந்தது. ஏறத்தாழ 72 சதவீதம் பேர் சட்டத்தை நிராகரித்தார்கள். ஆனால் 2012 டிசம்பரில், எல்லாத் தரப்புடனும் பேசித் திருத்திய சட்டம் நிறைவேறியது, அப்போது தேசுஸ் ஆட்சியில் இருந்தது. வயது 65 என்று படிப்படியாக உயர்ந்தது. எதிர்ப்பதோடு நிற்காமல் மாற்றத்தின் வேகத்தையும் பங்கையும் பேசித் தீர்க்க முடியும் என்பதற்கு அது சான்று.

மகனிடம் இதையும் சொல்லலாம்: ஓய்வூதிய விதி எதுவானாலும் அதில் அதிக காலம் வாழப்போவது அவர்தான். ஏற்கெனவே ஓய்வுபெற்றவரின் தொகையைக் காத்துக்கொண்டு, இனி சேர்பவரின் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு நம்மில் பலர் தலையாட்டிவிடுகிறோம். லக்சம்பர்க்கில் 1998இல் நடந்தது அதுதான். அது எனக்கு உடன்பாடில்லை.

பென்ஷன் கட்சி என்ற பெயரில் வேறு யாரோ வாக்கைப் பிரிக்க வருவார்களா?

பெயருக்கு மதிப்பு இருக்கும் இடத்தில் அந்த ஐயம் எழத்தான் செய்யும். ரஷ்யாவில் 2005 ஜனவரியில் இலவசப் பயணம், மருந்து போன்ற சலுகைகளைப் பணமாக மாற்றியபோது முதியவர்கள் கடுங்குளிரில் சாலைகளை மறித்தார்கள். அந்தக் கோபத்தில் ஓய்வூதியர் கட்சி மாகாணத் தேர்தல்களில் முன்னேறியது. அதே ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பொன்றால் அதன் தலைவர் வலேரி கார்த்துங் பதவி இழந்தார். 2006இல் கட்சி வேறு இரண்டு கட்சிகளோடு சேர்க்கப்பட்டு, அதிபருக்கு நெருக்கமான செர்கேய் மிரோனோவின் தலைமைக்குள் போனது. கட்சியின் கணக்கு வழக்கையும், உறுப்பினர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்பதையும் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

முதியவர்கள் தொகை உலகம் முழுவதும் பெருகுகிறது. அப்படியானால் இந்தக் கட்சிகளும் பெருக வேண்டாமா?

வேண்டும் என்றுதான் தோன்றும், நடக்கவில்லை. அறுபது வயதில் ஒருவர் புதிதாக அரசியலுக்கு வருவதில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு கொடியின் கீழ் நின்றவர் அதை எளிதில் விடமாட்டார். அரசு ஓய்வூதியர், தனியார் ஓய்வூதியர், ஓய்வூதியமே இல்லாதவர் மூவருக்கும் கோரிக்கையும் வேறு. சொன்ன எல்லா வெற்றிகளுக்கும் பின்னால் குறிப்பிட்ட ஒரு காயம் இருக்கிறது: நிறுத்திவைத்த உயர்வு, கொடுக்காத நிலுவை, பறித்த சலுகை. தொகைப் பெருக்கம் மட்டும் யாரையும் வாக்குச்சாவடிக்கு இழுத்துவந்ததில்லை.

சரி, நம் நாட்டில் ஆரம்பித்தால்?

எண்ணிக்கை பற்றிய கேள்விக்குச் சொன்ன பதில்தான். நமக்கும் பிரிட்டனைப் போலத் தொகுதி முறை. ஒவ்வொரு தொகுதியிலும் நாலாயிரம் வாக்கு வாங்கினாலும் ஓர் இடம் வராது. ஆனால் அந்த நாலாயிரம் மற்றவர் வெற்றி தோல்வியை முடிவு செய்யலாம். இமாச்சலப் பிரதேசத்தில் 2022 தேர்தலில் பழைய ஓய்வூதியத் திட்டம் முதன்மைப் பிரச்சினைகளில் ஒன்றானது. அதைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொன்ன காங்கிரஸ் வென்று, 2023இல் செய்தும் காட்டியது. அங்கே தனிக் கட்சி தேவைப்படவில்லை, கட்டுக்கோப்பான ஊழியர் இயக்கம் போதுமானதாக இருந்தது.

கவலை வேறொன்று. 2014 செப்டம்பரில் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆலையிலிருந்து வெளியே வந்த அந்த முதியவருக்காகப் பேசும் குரல், அரசு ஊழியர் குரலோடு ஒப்பிட்டால் மிக மெலிதாக இருக்கிறது. நம் சங்கங்கள் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்சி மறைந்துவிட்டால் வாங்கியது நிலைக்குமா?

எப்படி வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. செர்பியாவில் 2008இல் ஓய்வூதியர் கட்சி சேர்ந்த கூட்டணி 10 சதவீதச் சிறப்பு உயர்வைக் கொடுத்தது. நிதி நெருக்கடி வந்ததும் அடுத்த இரண்டு ஆண்டுகள் உயர்வே இல்லாமல் நிறுத்தப்பட்டது. 2014 நவம்பரில் 25,000 தினாருக்கு மேல் பெற்றவர்களின் ஓய்வூதியத்தையே வெட்டினார்கள், அந்த வெட்டு நீங்க 2018 ஆனது. ஒருமுறை உயர்வாக வாங்கியது ஒரு நெருக்கடியில் போய்விடும்.

குரோஷியாவில் நீதிமன்றத் தீர்ப்பும் தனி நிதியமும் இருந்ததால் ஆட்சி மாறியும் தவணைகள் தொடர்ந்தன. இஸ்ரேலில் கட்சி 2009இல் காணாமல் போனது, அது கேட்டு வாங்கிய அமைச்சகம் பிற பொறுப்புகளும் பெயர்களும் சேர்ந்து அதன் பிறகும் தொடர்ந்தது. ஆகவே பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கமோ கட்சியோ, தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே அது சட்டத்தில் எந்தப் பிரிவில் எழுதப்படும், அடுத்த ஆண்டு உயர்வைக் கணக்கிடும் சூத்திரம் என்ன என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.